பூண்டுத் தரகனும் புது விதிப்புத்தகமும்

எனக்குக் ‘க’ வராது. எழுத வரும், மனசுக்குள் வரும், தொண்டை வரைக்கும்கூட வரும். அங்கே வந்து நின்றுகொள்ளும். போதாக்குறைக்கு என் ஊர் கூக்கால். கொடைக்கானலில் பஸ் ஏறி, கண்டக்டர் கேட்டால் ‘மன்னவனூர்’ என்று டிக்கெட் வாங்கி, கூக்கால் பிரிவில் இறங்கி நடந்து போவேன். சில நாள் ‘ம’வும் மக்கர் பண்ணும். அன்றைக்குப் பக்கத்தில் நிற்கிறவர், “மன்னவனூருங்க, அதான் சொல்ல வர்றாரு” என்று முடித்துக் கொடுப்பார். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் என்னைப்போலத் திக்குகிறவனுக்கு இந்த நல்ல மனுஷர்களின் தொல்லை தாங்க முடியாது. வாக்கியத்தை நான் தொடங்கினால் போதும், முடித்து வைக்க ஊரே வரிசையில் நிற்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் சயின்ஸ் லேபில் அட்டெண்டராக இருந்தேன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவ வேண்டும், ஆசிட் பாட்டில்களைத் துடைத்து அடுக்க வேண்டும், தினமும் தபாலாபீஸ் போய்ப் பள்ளித் தபாலை வாங்கி வர வேண்டும். அதிகம் வாயைத் திறக்க வேண்டாத உத்தியோகம் என்பதால்தான் அதில் சேர்ந்தேன்.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு ஃபிசிக்ஸ் வாத்தியார்தான் எங்களுக்கு அந்த விளையாட்டைக் காட்டினார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, குகைக்குள் போய், பூதங்களோடு மல்லுக்கட்டிப் புதையல் எடுக்க வேண்டும். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பல முகம் வைத்த பகடை சொல்லும். வாத்தியார் ஊருக்குக் கிளம்பும்போது பகடைகளையும் விதிப்புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டார். நல்லவேளை, பள்ளி ஆபீஸின் டைப்பிஸ்ட் அக்கா அதற்குள் புத்தகத்தை ஸ்டென்சிலில் டைப் அடித்து சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்திருந்தார். பகடைக்குப் பதிலாக, சர்ச் திருவிழாவில் ஹவுஸி ஆடுகிற பையைக் கேட்டு வாங்கி வந்தார். ஒன்று முதல் தொண்ணூறு வரை மர வில்லைகள். நாற்பத்தேழு மட்டும் தொலைந்துபோய், அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தான். பெரிய எண் வந்தால் ஜெயம், சின்ன எண் வந்தால் அடி.

சனிக்கிழமை மத்தியானம் லேபில் நாலு பேர் கூடுவோம். கதை சொல்வது அக்கா. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மந்திரவாதி. பேக்கரிக்காரர் வாள்வீரன். அவர் மகா கூச்சக்காரர். “வெட்டுறேன்” என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. நான் பூண்டுத் தரகன். என்னிடம் வாள் இல்லை, மந்திரம் இல்லை, வாய் மட்டும்தான்.

முதல் நாளே அது நடந்தது. வாத்தியார் அப்போது இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, புத்தகத்தை அக்காவிடம் கொடுத்து எங்களையே ஆடச் சொல்லியிருந்தார். குகை வாசலில் ஒரு காவல் பூதம். “என்ன பண்றே தம்பி?” என்றார் அக்கா. வடுகபட்டிச் சந்தையிலிருந்து எங்கள் பூண்டுக் காட்டுக்கு வருகிற தரகரின் குரலை எடுத்து நான் பூதத்தோடு பேச ஆரம்பித்தேன். குகையில் ஈரம் அதிகம், புதையல் பூஞ்சை பிடிக்கும், காயவைத்துத் தருகிறேன், எனக்குப் பாதி போதும் என்றேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். ஒரு இடத்தில்கூட நாக்குத் தட்டவில்லை. ‘க’ தானாக வந்து போனது. அக்கா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உள்ள போலாம்னு சொல்லிடுச்சு” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அழுதேன்.

தரகன் அடுத்து என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாராலும் அதை முடித்து வைக்க முடியவில்லை. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் ஆரம்பித்த வாக்கியத்தை நானே முடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வாத்தியாரிடமிருந்து ஏரோகிராம் வந்தது. விளையாட்டின் புதுப்பதிப்பு வந்திருக்கிறது, கப்பல் தபாலில் அனுப்பியிருக்கிறேன், நிறைய மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அக்கா உரக்கப் படித்தார். “பேச்சுக்கான எண்களும் மாறியிருக்கின்றன” என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, வெரசாக அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கம்பவுண்டர் விடவில்லை. “அப்ப இனிமே பேசுறதுக்கும் வில்லை எடுக்கணுமா?”

“வரட்டும், பாப்போம்” என்றார் அக்கா.

“புதுசு வந்தா புதுசுபடிதான் தங்கச்சி. மருந்துச் சீட்டுல எழுதுனபடிதான நான் மருந்து குடுக்கேன்?”

வாயால் பேசிப் பூதத்தை மடக்குவது போய், பைக்குள் கையை விட்டு எண்ணை எடுத்துக் காட்டிவிட்டால் பூதம் மடங்கிவிடுமாம். அப்புறம் தரகன் எதற்கு? பேசத் தேவையில்லாத இடத்தில் நான் பேசாமலே இருந்துவிடுவேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி இருந்துதானே பழக்கம்.

மூன்று மாதம் அந்தப் பயத்தோடு கிடந்தேன். குழாய்கள் கை நழுவி உடைந்தன. கப்பல் மூழ்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதில் இருக்கும் மாலுமிகளை நினைத்து அந்த வேண்டுதலை வாபஸ் வாங்கி, பார்சல் மட்டும் நனையட்டும் என்று மாற்றிக்கொண்டேன். தபாலாபீஸ் ஜன்னலில் தபால்கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் முதுகு வேர்க்கும், அந்தக் குளிரிலும். சனிக்கிழமைகளில் தரகனை வைத்து அவசர அவசரமாகப் பேசித் தீர்த்தேன். கம்பவுண்டர்கூட, “ஏலே, பூதத்த மூச்சு விட விடுப்பா” என்று சிரித்தார்.

பார்சல் வந்தது. நனையவில்லை.

ஆபீஸில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், லேப் அலமாரியில் ஆசிட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அலமாரியை யாராவது நெருங்கினால், துடைக்கிற துணியோடு குறுக்கே போய் நின்றேன். திருடியதில்லை நான் அதுவரை. ஒன்பதாம் நாள், தவளை அறுக்கிற கத்தியால் பார்சலைப் பிரித்தேன். எவ்வளவு மோசம் என்று பார்த்துவிட்டு, முடிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாம் என்பது எண்ணம்.

என் இங்கிலீஷ் நொண்டி இங்கிலீஷ். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘பழைய பதிப்பிலிருந்து மாறியவை’ என்ற பட்டியலைத் தேடிப் பிடித்தேன். பேச்சு என்ற தலைப்பின் கீழே இரண்டே வரி. எதிராளியைப் பேசி இணங்கவைக்க முன்பு அதிக எண் தேவைப்பட்டது. இப்போது அதைக் குறைத்திருக்கிறோம்.

முன்பு என்றால்? எங்கள் பிரதியில் பேச்சுக்கு எண்ணே கிடையாதே. நாலு தடவை படித்தேன். எங்கள் சைக்ளோஸ்டைல் பிரதியை எடுத்துப் பக்க எண்களைப் பார்த்தேன். இருபத்திரண்டுக்கு அப்புறம் இருபத்து நாலு. இரண்டு வருஷமாக அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பிரித்த பார்சலோடு ஆபீஸுக்குப் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அக்கா கிழிந்த உறையையும் என் முகத்தையும் பார்த்தார்.

“இ... இருபத்து மூணு,” என்றேன்.

“மொத நாள் நீ பூதத்துகிட்டப் பேசுனேல்ல,” என்றார் அக்கா, “அதுக்கு அடுத்த திங்கக்கெழம வெள்ளனே வந்து டைப் அடிக்க உக்காந்தா அந்தப் பக்கம். பேசுனதுக்கு அப்புறம் எண்ணு பாக்கணும், கொறஞ்சா பூதம் கேக்காதுன்னு போட்டிருந்துச்சு. நீ அப்படிப் பேசிட்டு, ஒரு மரக்கட்டை உன்னைய வாய மூடுன்னு சொல்லணுமா? அந்தப் பக்கத்த நான் டைப் அடிக்கல. பொய்தான். மத்தவங்ககிட்டயும் சொல்லல.”

எனக்கு நன்றி வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இவரும் எனக்காக ஒன்றை முடித்து வைத்திருக்கிறார் என்று பட்டது. அப்புறம் அந்தக் கோபமும் நிற்கவில்லை.

“சனிக்கிழமை இத நீயே சொல்லு,” என்றார் அக்கா. “நான் சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமை லேபில் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். தரகனின் குரலில் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம் என்று என் குரலிலேயே ஆரம்பித்தேன். பார்சலை ஒளித்தது, பிரித்தது, விடுபட்ட பக்கம், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்திலேயே ‘கப்பல்’ வந்து தொலைத்தது. கம்பவுண்டர், “கப்பல் தபாலா?” என்று வாயைத் திறந்தார். பேக்கரிக்காரர் அவர் தொடையில் கை வைத்து அழுத்தினார். அதற்கப்புறம் யாரும் குறுக்கிடவில்லை. கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். வேர்த்து ஒழுகி, ஒரு வழியாக முடித்தேன்.

கம்பவுண்டர் எதையோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்டார். கேட்டது பேக்கரிக்காரர்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப எண்ணு வந்தா... எனக்கும் பூதம் வழி விடுமாங்க? நானும் எத்தன நாளைக்குத்தான் வெட்டிக்கிட்டே கெடக்குறது?”

என்னை யாரோ அறைந்த மாதிரி இருந்தது. மூன்று மாதமாக என் பயத்தை மட்டுமே அடைகாத்திருந்தேன். அந்த விதிக்காக இன்னொருவர் ஏங்கிக் கிடப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“எடுங்கண்ணே,” என்றேன்.

அவர் பைக்குள் கையை விட்டு எழுபத்தொன்று எடுத்தார். போதுமான எண்தான். கம்பவுண்டர் கைதட்டினார். அக்கா மட்டும் பேனாவைப் பிடித்தபடி, “சரி, பூதம் கேக்குது. என்ன சொன்னீங்க அதுகிட்ட?” என்றார்.

பேக்கரிக்காரர் திணறிப்போனார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய பேச்சு என் நாக்கு நுனியில் தயாராக, அழகாக, ஒரு தட்டல்கூட இல்லாமல் நின்றது. வாயைத் திறந்தேவிட்டேன்.

மூடிக்கொண்டேன். எல்லாரும் காத்திருந்தோம்.

“உள்ள குளிரும்ல,” என்றார் அவர், வெகுநேரம் கழித்து, பூதத்திடம். “சூடா ரெண்டு பன்னு கொண்டாந்திருக்கேன்.”