குண்டுக்கரிச்சானும் செங்குரங்கும் வீட்டோடு வந்த மாப்பிள்ளையும்

விலங்கியல் படிப்பிக்கிறவளுக்கு மிருகத்தால் ஒரு நாளும் கரைச்சல் வராது, வருவதெல்லாம் மனிசரால்தான். வெண்கட்டித் தூள் தின்றே காலம் போக்கிய டீச்சர்மாரே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

பலகையில் இரண்டு பக்கம்

எழுபதுகளின் கடைசி. கல்முனையில் ஒரு பெண்கள் பள்ளி. கரும்பலகையில் நடுக்கோடு போட்டு எழுதினேன். குண்டுக்கரிச்சான் குருவியில் ஆண் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பாடும், பெட்டை அதைத் தேடி வரும். செங்குரங்கில் அப்படியே மறுபக்கம். பெட்டை சாகும்வரை தாயின் கூட்டத்தோடுதான், வளர்ந்த கடுவன்தான் வேறு கூட்டம் தேடிப் போகும்.

எங்கள் பக்கத்துக் கலியாணம் உங்களுக்குத் தெரியும்தானே? வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். என் கெட்டிக்காரப் பிள்ளை ஜெஸீமா, அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பிள்ளை, கடைசி வரிசை வாங்கிலிருந்து எழும்பினாள்.

"டீச்சர், அப்ப குரங்குதான் எங்கட ஊர் மாதிரி! எங்கட மச்சானும் சூட்கேசோட வந்து ராத்தாட வீட்டிலதானே இரிக்காரு!"

அதிபரின் அறை

பின்னேரத்துக்குள் கதை ஊர் சுற்றிவிட்டது: டீச்சர் மருமகன்மாரைக் குரங்கு என்றாவாம். ஜெஸீமாவின் வாப்பா சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். சுடக்கூடாத இடத்தில் சுட்டுவிட்டது. நான் வகுப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மகளின் படிப்பை நிறுத்திக் கலியாணம் பேசுவாராம்.

அதிபர் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். பிள்ளை சொன்னது சரியான விடை. சரியான விடைக்குப் பிழை போட என்னால் ஏலாது, வேணுமென்றால் என்னை இடம் மாற்றுங்கள் என்றேன். அதிபர் நெற்றியைத் தடவினார்.

"குருவியோட நிப்பாட்டியிருக்கலாமே டீச்சர்! அதில ஆம்புளைக்கு ஒரு மரியாத இரிக்கி."

உம்மாவும் வந்தா

மறுநாள் அதே பாடத்தை இன்னும் பெரிய எழுத்தில் எழுதினேன். நான் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க வாப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஜெஸீமா புத்தகங்களைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வாப்பாவுக்குப் பின்னால், முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டபடி உம்மா வந்தா. என்னதான் எழுதியிருக்கு, வாசியுங்க என்றா. குருவியையும் வாசித்தேன், குரங்கையும் வாசித்தேன். முழுதும் கேட்டுவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினா.

"ஒருத்தன் பாடுறான் எண்டு பொறந்த இடத்த விட்டுட்டுப் போக என்ட புள்ள என்ன குருவியா? வீடு என்ட உம்மா எனக்குத் தந்தது, புள்ள அதில இருந்து படிப்பா. நீங்களும் கூட்டம் மாறி வந்த ஆள்தானே, கதைக்காம வாங்க."

நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, செங்குரங்குகளும் கேட்டதாகத் தெரியவில்லை.