திருப்பி மாட்டிய குழாய்

எண்ணெய்ப் புகையை வெளியேற்றும் பிரீதர் குழாயை, என்ஜின் காற்றிழுக்கும் குழாயோடு சேர்த்து மாட்டியது நான்தான். டீசல் வேனுக்கு இழுவை கூடும், உள்ளே நாற்றமும் வராது என்று எனக்கொரு நினைப்பு. ஆடித் தபசு திருவிழா அன்று நாள் முழுக்க ஓடவேண்டுமே என்று ஆயிலையும் அளவுக்கு மேல் ஊற்றினேன்.

வழியில் கரிவலம் ஊரில் ஓர் அக்கா, ஈரச் சாக்கில் கட்டிய பூ மூட்டையோடு ஏறினார். "தண்ணி சொட்டுதுக்கா, சீட்டெல்லாம் பாழாப் போவும். கீழ வைங்க" என்று எரிந்து விழுந்தேன்.

சங்கரன்கோவிலில் வேனை நிறுத்தியதும் என்ஜின் தானாக அலறத் தொடங்கியது. டீசலை அடைத்தேன், வேகம் இன்னும் ஏறியது. ஊற்றிய ஆயிலையே குழாய் வழியாகக் குடித்து ஓடிக்கொண்டிருந்தது. கியரில் போட்டு அணைக்கலாமென்றால் வேன் பாயும்; முன்னால் முழுக்க ஜனம். உள்ளே வெள்ளைப் புகையில் குழந்தைகள் கதறின.

"காத்த அடைக்கணும் தம்பி, மூடியத் தூக்கு!"

கத்திக்கொண்டே அந்த அக்கா சாக்கிலிருந்த பூவையெல்லாம் கீழே கொட்டினார். நான் என்ஜின் மூடியைத் தூக்கி, காற்று வடிகட்டியிலிருந்து காற்றுக் குழாயைப் பிடுங்கினேன். அதன் வாயில் அவர் ஈரச் சாக்கைச் சுருட்டி அமுக்கினார். என்ஜின் உதறி நின்றது.

"எங்க பம்புசெட்டும் ஒருக்கா இப்படித்தான் ஓடுச்சு" என்றவர் பிரீதர் குழாயைப் பார்த்தார். "இத யாரு இங்கன மாட்டுனது?"

"பழைய டிரைவருக்கா."

அவர் மிதிபட்ட பூக்களைப் பொறுக்கக் குனிந்தார்.

அந்த வேன் புதிதாய் வந்த நாளிலிருந்து அதை ஓட்டியவன் நான் ஒருவன்தான்.