பேரனுக்கு ஆறடி மெத்தை

ஜனக்புரி மார்க்கெட்டில் ரஜாய் என்கிற குளிர்காலப் பஞ்சுப் போர்வையும் மெத்தையும் விற்பவர் அவர். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் வெள்ளை இழைகள் ஒட்டியிருந்தன. எதை எடுத்தாலும் முதலில் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் நீட்டுவார்.

"ஈரம் சீக்கிரம் காயற மெத்தை வேணும்," என்று இந்தியில் கேட்டேன். "மூணு வயசுப் பேரன். தூக்கத்துல நனைச்சுடறான்."

பேரன் பெங்களூரில் இருக்கிறான். ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையை நனைப்பது நான்.

அவர் ஒரு மெல்லிய மெத்தையின் மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் கன்னத்தை வைத்தார்.

"உள்ளே பஞ்சு இல்ல அங்கிள்ஜி, ஃபைபர். ஈரத்தை மேல நிக்க விடாது. வெயில்ல போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும். கட்டில் என்ன அளவு?"

"ஆறுக்கு மூணு," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்ட அளவில் ஒன்றை எடுத்துச் சுருட்டிக் கயிறு கட்டி, ஆட்டோ வரைக்கும் தானே தூக்கி வந்தார்.

"பேரன்கிட்ட சொல்லுங்க அங்கிள்ஜி. நனைஞ்சுடுமேன்னு பயந்து தண்ணி குடிக்காம இருக்க வேண்டாம்."

அன்று காலையிலிருந்து நான் ஒரு மடக்குக்கூடக் குடித்திருக்கவில்லை.

"சொல்றேன்," என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இப்போதும் அந்தக் கடையைத் தலையைக் குனிந்துகொண்டுதான் தாண்டுகிறேன். ஆனால் தண்ணீர் குடிக்கிறேன்.