முதல் ஆணியில் தொங்கும் பில்லை

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை ஏழு மணிக்கு குடியை விட்டவர்களான நம் சங்கத்துப் பலகையில் ஒரே ஒரு நம்பர் பில்லை மட்டும் ‘உள்ளே’ பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றாம் நம்பர், மேஸ்திரி ஏகாம்பரத்தினுடையது. பில்லை மாறாவிட்டால் இரண்டு பேர் தேடிப் போக வேண்டும் என்பது விதி. ஃபிட்டர் அந்தோணியும் நானும் கிளம்பினோம்.

வழியெல்லாம் அந்தோணிக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. “கிளார்க்கு, மாட்டிக்கினாரு பாரு மேஸ்திரி! ஒம்பது வருசமா இந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்” என்றான். அவர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் மனைவி சின்னப்பொண்ணு எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“தேடிக்கினு வந்தீங்களாண்ணா? மத்தியானம் கீரைக் கொழம்பு ஊத்தி நல்லா சாப்ட்டாரு. மீசையை வாரிக்கினாரு. சங்கத்துக்குப் போவணும், ஆறரைக்கு எழுப்புன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. ஆறரைக்கு எழுப்பினேன்.”

வழிவிட்டு ஒதுங்கினார். உள்ளே போனோம். அந்தோணி கட்டிலருகே மண்டியிட்டு, பழக்க தோஷத்தில், மேஸ்திரியின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனான். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி “வாசனை இல்லை” என்று அறிவித்தான். அறிவித்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். மேஸ்திரியை இந்த ஊரில் அதிகம் திட்டியவன் அவன்தான்.

இன்று பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். கூடவே ஒரு வழக்கையும் என் தலையில் கட்டினீர்கள். சங்கத்தைத் தொடங்கியவரின் படத்தைப் பலகைக்கு மேலே மாலை போட்டு மாட்டலாமா, கூடாதா? பாதிப் பேர், அவர் இல்லையென்றால் நாமெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம் என்கிறீர்கள். மீதிப் பேர், பதினோரு நாள் குடித்துக்கொண்டே குடிக்கவில்லை என்று பில்லையை மாற்றியவருக்கு மாலையா என்கிறீர்கள். இரண்டு பக்கமும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு பொய்யும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் தைரியம் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸில் குமாஸ்தா. கீழே இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையைப் பலகையில் ‘உள்ளே’ பக்கம் மாட்டிவிட்டு, கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். ஷிப்டு முடிந்து வந்ததும் தன் கையாலேயே எடுத்து ‘மேலே’ பக்கம் மாற்றுவான். ஒரு பில்லை மாறாமல் கிடந்தால் ஓர் ஆள் கீழே சிக்கியிருக்கிறான் என்று பொருள். தேட ஆட்கள் இறங்குவார்கள். ஒருவன் பில்லையை இன்னொருவன் மாற்றுவதைப்போல் ஒரு பாவம் எங்கள் தங்க வயலில் கிடையாது. அவனைத் தேட யாரும் போக மாட்டார்கள் அல்லவா?

அந்தப் பலகைக்குக் காவலாக உட்கார்ந்த நான் காலையிலேயே சாராயத்தில் மிதந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மேசையில் கவிழ்ந்து தூங்கிவிட்டேன். கண்ணை விழித்தால் எதிரே ஒரு பெரிய மீசை. சுரங்கத்துக்குள் கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் டிம்பர் மேஸ்திரி ஏகாம்பரம். உடம்பெல்லாம் சேறு, மீசை மட்டும் அப்போதுதான் வாரியதுபோல் இருந்தது.

“இன்னா கிளார்க்கு, நாங்க உள்ளே இருக்கறோமா மேல வந்துட்டோமான்னு பாக்கறது நீ. நீ எங்க இருக்கறேன்னு யாரு பாக்கறது?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “சாயந்திரம் ஆண்டர்சன்பேட்டை சைக்கிள் கடைக்குப் பின்னாடி கொட்டாய்க்கு வா. நான் பாக்கறேன்” என்றார். அவர் குடியை விட்டு அப்போது எட்டு மாதம். அந்தக் கொட்டகையில் அவர் ஒரே ஆளாகச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார், தலைவரும் உறுப்பினரும் அவரேதான். சுரங்கத்திலிருந்து கழித்துப் போட்ட மரத்தில் பலகை, பால் டப்பா மூடியை வெட்டிப் பில்லை. ஒன்றாம் நம்பர் அவருக்கு. இரண்டாம் நம்பரை எனக்காக ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்.

விதியும் அவர் எழுதியதுதான். காலையில் எல்லாப் பில்லையும் ‘உள்ளே’. ஏழு மணிக்குள் வந்து, இருக்கிற யாராவது ஒருவர் மூக்கில் ஊதிக் காட்டிவிட்டு, ‘மேலே’ பக்கம் மாற்ற வேண்டும். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் வேலைக்குப் போகுமுன் ஊதலாம். வராதவனை இரண்டு பேர் போய்த் தேட வேண்டும். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, கூட்டிக்கொண்டு வர வேண்டும். பலகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடமே கொடுத்தார். “நீ பாத்த வேலைதானே. இப்ப கண்ணைத் தொறந்துக்கினு பாரு” என்றார். அந்த வேலைதான் என்னைக் காப்பாற்றியது.

இப்போது அவருடைய குறைகள். நல்லதை மட்டும் சொன்னால் அவரே எழுந்து உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம் சொல்லு” என்பார். அவ்வளவு புகழாசை. வாரம் ஒருமுறை தான் குடியை விட்ட கதையைச் சொல்வார். முதல் வருடம் அது சுரங்கத்தின் இருபதாம் லெவலில் நடந்தது. பாறை சரிந்து, இருட்டில் தனியாகக் கிடந்தபோது செத்துப்போன அம்மா வந்து விளக்கைக் காட்டினாள். மறு வருடம் அதுவே நாற்பதாம் லெவலுக்கு இறங்கிவிட்டது. விட்டிருந்தால் பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருக்கும். உண்மை என்ன என்று ஒருநாள் சின்னப்பொண்ணுவே சொன்னார்: “லெவலும் இல்லை, வெளக்கும் இல்லை. கோழிக் கூண்டுக்குப் பக்கத்து அறையில தள்ளி மூணு நாள் பூட்டி வெச்சேன். மீசையில கோழி ரெக்கையோட வெளிய வந்தாரு, அதோட விட்டாரு.” மேஸ்திரி அசரவில்லை. “ரெண்டும் நடந்துச்சு” என்றார்.

வேறு யாரையும் பேச விடமாட்டார். இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தர மாட்டார். என் குடை இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. சேவல் சண்டை என்றால் பங்காருபேட்டை வரை நடந்தே போவார். யாராவது புதிதாக ஒரு யோசனை சொன்னால் முகம் சுருங்கிப்போகும், மறுவாரம் அதையே தன் யோசனையாகச் சொல்வார்.

ஆனால் அந்தோணியைத் தேடிய நாளை நினைத்துப் பாருங்கள். சேர்ந்த இரண்டாம் மாதமே அவன் பில்லை மாறவில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் உச்சியில் புட்டியோடு உட்கார்ந்திருந்தான். யார் வந்தாலும் புட்டியாலேயே அடிப்பேன் என்று மேலேயிருந்து கத்தினான். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சரியும் மண்ணில் ஏறினார். இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கும். ஒருவழியாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் கதையை ஆரம்பித்தார். இருபதாம் லெவல், பாறை, அம்மா, விளக்கு, எல்லாம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தரம் அம்மா வருவதற்கு முன் அந்தோணி புட்டியைக் கீழே உருட்டிவிட்டு எழுந்துவிட்டான். “இதைக் கேக்கறதுக்குக் குடிக்காமலே இருக்கலாம்யா” என்றான். அன்றிலிருந்து அவன் தொட்டதில்லை.

அதனால்தான் பின்னால் அந்தோணிக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன்.

சங்கம் தொடங்கி ஆறாவது வருடம். மேஸ்திரியின் கூட்டாளி ஒருவர் சுரங்கத்தில் இறந்துபோனார். மேஸ்திரி முட்டுக்கொடுத்த இடம் அது. அவர் மேல் தவறில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், அவருக்கு மட்டும் காது கேட்கவில்லை. பதினோரு நாள் குடித்தார். கொட்டகைக்கும் வந்தார், தூரத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் அந்தோணி தற்செயலாகப் பக்கத்தில் போய்விட்டான். வாசனை அடித்தது. பலகையைப் பார்த்தான். அந்தப் பதினோரு நாளும் ஒன்றாம் நம்பருக்காக யாரும் தேடிப் போனதில்லை, தினமும் ஏழு மணிக்குள் அது ஒழுங்காக ‘மேலே’ போயிருக்கிறது.

அன்று கூட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தோணி பலகையைப் பிடுங்கி நடுவில் வைத்தான். “குடிச்சது தப்பில்லை. நானும் குடிச்சேன், தேடிக்கினு வந்தீங்க. ஆனா உள்ளே இருந்துக்கினே மேல வந்துட்டேன்னு பில்லையை மாத்தறது இன்னா ஞாயம்? சொல்லுய்யா, யாரு மாத்தினது?”

மேஸ்திரி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். பிறகு, “நான்தான் மாத்தினேன்” என்றார்.

மேஸ்திரிக்குப் பில்லைத் திருடன் என்ற பெயர் அன்று வைத்தது. பாதிப் பேர் எழுந்து போனீர்கள், மாதக்கணக்கில் திரும்பவில்லை. படம் வேண்டாம் என்று இன்று சொல்கிறவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் சொல்கிறீர்கள்.

அந்த வாக்கியம் பொய். மாற்றியது நான்.

பதினோரு நாள் மட்டுமல்ல, நாலு வருடமாக நான்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் மும்முரமாக இருப்பார். ஏழு மணி நெருங்கும். சங்கத்தைத் தொடங்கியவரைப் போய் ஊது என்று கேட்பதா என்று எனக்குக் கூச்சம். ஒருநாள் மரியாதைக்காக நானே மாற்றினேன், அதுவே பழக்கமாகிவிட்டது. அவரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. அது அவர் பங்கு. ஆனால் டைம் ஆபீஸில் உட்கார்ந்தவன் நான். அடுத்தவன் பில்லையைத் தொடக் கூடாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த வயலில் எவன்? நான் தொடாமல் இருந்திருந்தால் முதல் நாளே இரண்டு பேர் அவரைத் தேடிப் போயிருப்பீர்கள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பலகை வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடுவீர்கள், அது போனால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தை அவர் என் முகத்தில் படித்துவிட்டார். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். அவர் சிரித்தார்.

“நீ எனக்கு மரியாதை செஞ்சே, கிளார்க்கு. அந்த மரியாதையால என்னைத் தேட ஆள் வரல. இனிமே எனக்கு மரியாதை வாணாம். மூக்கைக் குடு, போதும்.”

எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். “இப்ப சொல்லாதே. நீ கெட்டியானப்புறம் சொல்லு” என்றார். நான் கெட்டியாகி வெகுநாள் ஆயிற்று. அப்புறமும் சொல்லவில்லை. அதற்கு அவரைக் காரணம் காட்ட முடியாது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் ஒரு நாள் தவறாமல் வந்து அந்தோணியின் மூக்கில்தான் ஊதினார். அதுவும் சும்மா அல்ல, துருத்தி மாதிரி ஊதுவார். “மெதுவாய்யா, தொப்பி பறக்குது” என்று அந்தோணி திட்டுவான். “திருடன் ஊதறேன், நல்லா மோந்துக்கோ” என்பார். இருவரும் அதை ரசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அந்தக் கட்டிலருகில்தான் புரிந்தது.

வழக்குக்கு என் தீர்ப்பைக் கேட்டீர்கள். படம் வேண்டாம். அந்தோணி சொல்லும் காரணத்துக்காக அல்ல. மாலை போட்டு உயரத்தில் மாட்டுவது நான் செய்த அதே தப்பு. உயரத்தில் இருப்பவரை யாரும் மோந்து பார்க்க மாட்டார்கள், தேடியும் போக மாட்டார்கள். அவருக்கு மீசையோடு ஒரு படம் மாட்ட வேண்டும் என்று ஆசை இருந்திருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் பில்லை அன்றிலிருந்து ‘உள்ளே’ பக்கமே தொங்குகிறது. அதை மாற்ற நம் யாருக்கும் உரிமை இல்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. அப்படியே கிடக்கட்டும். மாறாத பில்லைக்கு இரண்டு பேர் தேடிப் போக வேண்டும் என்பது அவர் எழுதிய விதி. அடக்கம் முடிந்த மறுநாள் பழக்கத்தில் அந்தோணியும் நானும் அந்த வாசலில் போய் நின்றுவிட்டோம். சின்னப்பொண்ணு எங்களைப் பார்த்துச் சிரித்தார், அந்த வாரத்தில் முதல் முறையாக. “இன்னைக்கும் தேடிக்கினு வந்தீங்களா? உக்காருங்கண்ணா, டீ வெக்கறேன்” என்றார். தினமும் இரண்டு பேர் முறைவைத்துப் போக வேண்டும். அவர் கதையை அந்த அம்மா சரியான லெவலில் சொல்வார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியம்: மரியாதை வேண்டாம், மூக்கைக் கொடு. குடையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

பலகை வேலையை இன்றே உங்களிடம் ஒப்படைக்கிறேன். யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். மணி ஏழாகப் போகிறது. எல்லாப் பில்லையும் மாறிவிட்டது, ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும்தான் பாக்கி. என்னுடையதை நான் இன்னும் மாற்றவில்லை. பில்லைத் திருடன் நான்தான் என்று தெரிந்த பிறகும் உனக்கு மனமிருந்தால், அந்தோணி, இப்படி வந்து மூக்கைக் கொடு. ஊதிவிட்டு, இரண்டு பேருமாக அவரைத் தேடிப் போவோம்.