படத்துக்கு அழுத அழுகை

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் கடலில் நிற்கும்போது வீட்டில் யாரும் அழக்கூடாது. கரையில் விழும் கண்ணீர் படகைத் திரும்பவிடாது என்று என் கணவர் வீட்டார் நம்புகிறார்கள். நான் தபால் கந்தோரில் வேலை செய்தவரின் மகள். கலியாணம் முடித்து மன்னாருக்கு வந்த புதிதில், கணவர் கடலுக்குப் போன நாட்களில் வெங்காயம் உரிக்கவே பயந்தேன்.

அதே வீட்டில் என் மச்சாள், அவருடைய அக்கா, நாள் தவறாமல் அழுவார். பின்னேரம் இரண்டு மணிக்கு டிவியில் இந்தியப் படம் தொடங்கும். தாயும் மகனும் பிரிந்தால் அழுவார், சேர்ந்தாலும் அழுவார். பாட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். படத்துக்கு அழுவது கணக்கில் வராதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சாகப்போற மனுசன் ஏன் மச்சாள் பாட்டுப் படிக்கிறான்? நாங்கள் அழேக்க ஆர் பின்னால நிண்டு வயலின் வாசிக்கினம்?"

"நீங்கள் படிச்ச ஆக்கள். உங்களுக்கு விளங்காது" என்று மூக்கைச் சிந்துவார்.

போன வருடம், கச்சான் காற்று பலத்து வீசிய ஒரு நாள், விடியமுன் போன என் கணவரின் படகு திரும்பவில்லை. மற்றப் படகுகள் பத்து மணிக்குள் வந்துவிட்டன. அவருடைய போனுக்கு எடுத்தால், இணைப்பு இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். அவளை அறையலாம் போலிருந்தது. கடற்படைக்கு அறிவித்தாயிற்று; இரண்டு படகுகள் தேடிப் போயிருந்தன. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். அழுகை வந்தது. விழுங்கினேன். திரும்ப வந்தது, திரும்ப விழுங்கினேன். மச்சாள் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார்.

இரண்டு மணிக்கு அவர் எழும்பிப் போய் டிவியைப் போட்டார்.

"உங்கட தம்பி கடலில நிக்கிறார், உங்களுக்குப் படம் கேக்குதோ?" என்று கத்தினேன்.

அவர் சத்தத்தைக் கூட்டினார். பிளக்கைப் பிடுங்கப் போன என் கையை எட்டிப் பிடித்தார்.

"இருங்கோ மச்சாள். பாட்டு ஒண்டு வரும்" என்றார்.

இருந்தேன். ஒரு தாய் ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்து நிற்கிறாள். ரயில்கள் வருகின்றன, போகின்றன, அவன் இறங்கவில்லை. வேறு நாளென்றால் கடைசிப் பெட்டியில் தேடச் சொல்லிச் சிரித்திருப்பேன். பாட்டு தொடங்கியது. நான் பகிடி பண்ணிய அதே வயலின்கள் மெல்ல மெல்ல ஏறி வந்தன. நான் வாய்விட்டு அழுதேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "ஐயோ என்ர ராசா" என்று மச்சாளும் குழறினார். எங்கள் சத்தம் வெளியே போகாத அளவுக்கு டிவி அலறியது. பாட்டு முடிந்ததும் இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். பாட்டு இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு சவர்க்கார விளம்பரம் போனது.

படம் முடியும்வரை அந்த மகன் வரவில்லை. ஆளில்லாத ரயில் மேடையில் தாய் தனியே நின்றாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிபோல, தேடிப் போனவர்கள் அவருடைய படகைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். இயந்திரம் நின்றுபோய்ப் படகு காற்றில் இழுபட்டுப் போயிருந்தது. முகமெல்லாம் உப்புப் படிய வந்தவர், தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அழுதனியோ?"

"படத்துக்குத்தான்" என்றார் மச்சாள் அவசரமாக.

"நீயோ? படத்துக்கோ?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பிடி என்ன படம்?"

"ஒரு தாய் மகன் வருவான் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற படம்" என்றேன்.

"மகன் கடைசியில வந்தவனோ?"

மச்சாள் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "வந்திட்டான்."