நாலு கொடிப் பலகை

காலர் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வாய் இறுகிப்போகும், மிஷின் வேகமாக ஓடும். அன்றைக்கு அவள் தைத்த சட்டைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு தையலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். சட்டைக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து காலர் மட்டுமே வைத்துத் தைத்து வந்ததால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் கோபத்துக்கு ஒரு முகவரி உண்டு. தையல் ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் இருந்த பலகைதான் அது. அந்தக் கம்பெனிக்கு ஆசியாவில் நாலு நாடுகளில் இதே மாதிரி ஆலை இருந்தது. நாலு நாட்டுக் கொடிகளையும் தகரத்தில் வரைந்து, மேலிருந்து கீழாக ஆணியில் மாட்டியிருந்தார்கள். எந்த நாட்டில் அதிகம் தைத்தார்களோ அந்தக் கொடி உச்சியில். இவர்கள் கொடி எப்போதும் அடியில்தான். பெண்கள் அந்த நாடுகளின் பெயரைச் சொல்ல மெனக்கெடவில்லை. நாலு மாடி வீட்டில் குடியிருப்பவர்களைப் போல மேல்மாடிக்காரி, மூணாவது மாடிக்காரி என்றே பேசிக்கொண்டார்கள். தங்களைத் தரைவீட்டுக்காரிகள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் வயிறு எரியும்.

ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாளில் மேனேஜர் பலகைக்குக் கீழே நின்று பேசுவார். எந்த நாட்டின் வளர்ச்சி எவ்வளவு, எந்த நாட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று ஒப்பித்துக்கொண்டே போவார். மேல்மாடி நாடு இப்படி வளர்ந்ததற்குக் காரணம் அங்கே பெண்கள் நடுவில் டீ குடிக்க எழுந்திருப்பதில்லை என்பார். அடுத்த மாதம் இங்கே சாயங்கால டீ நின்றுவிடும். அங்கே கழிவறைக்கு அடிக்கடி போவதில்லை என்பார். அதற்குப் பிறகு இங்கே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நம் கொடி ஒரு படி ஏறட்டும், கூலியும் ஒரு படி ஏறும் என்று முடிப்பார்.

தலைக்கு இவ்வளவு என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு ஒருநாள் காலர் அக்கா வீட்டுக்கு வந்து புருஷனிடம் பொருமினாள்.

"நம்ம வீட்ல நாலு தலை இருக்கு. அவர் சொல்ற கணக்குக்கு நாம மாடி வீடு கட்டியிருக்கணும். நம்ம தலைங்களோட பங்கு எவன் தலைக்குப் போச்சு?"

மூட்டை தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருந்த மனுஷன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "என்னைக் கேக்காத. என் தலைல முடியவே காணோம்."

நாலாவது தலைதான் அவள் கவலை. பெரியவளின் படிப்பை இடுப்பு வைத்தியம் தின்றுவிட்டது. அவள் அதே கம்பெனியில் நூல் வெட்டும் மேசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கூலி ஏறினால் தொடர்ந்து போவாள். ஏறாவிட்டால் வரும் கல்வி வருஷத்தில் அவளும் அந்த மேசைக்குத்தான். சூப்பர்வைசர் நல்லது செய்கிற நினைப்பில், சின்னவளுக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாக முகமலர்ச்சியோடு சொன்னான்.  அன்றைக்குக் காலர் அக்காவின் மிஷின் தீப்பிடிக்கிற மாதிரி ஓடியது.

இடையில் ஒரு வருஷம், நாட்டின் வளர்ச்சி பிரமாதம் என்று டிவியில் சொன்னார்கள். பெண்களுக்கு நம்பிக்கை வந்தது. போய்க் கேட்டார்கள். மேனேஜர் கையைப் பிசைந்தார். நாடு வளர்ந்துவிட்டதால் இங்கே எல்லாமே விலை கூடிவிட்டதாம். கூலியும் கூடினால் ஆர்டர் மலிவான நாட்டுக்குப் பறந்துவிடுமாம். பின்தங்கியிருந்தால் பின்தங்கியதால் கூலி இல்லை, முன்னேறினால் முன்னேறியதால் கூலி இல்லை. காஜா தைக்கும் பெண் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்போ நாடு எப்பிடி இருந்தா சார் ஏத்துவீங்க? நீங்களே சொல்லிடுங்க, அப்பிடியே இருந்துக்கறோம்" என்றாள். அவளுக்கு அரை நாள் கூலி வெட்டு.

காலர் அக்காவின் கோபம் மேனேஜர் மேல் போயிருக்க வேண்டும். அது போனதோ மேல்மாடிக்காரிகள் மேல். அவளுகளால்தானே டீ போனது, அவளுகளால்தானே கூலி ஏறவில்லை. கடவுள் பக்தி உள்ளவள்தான். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் விளக்கேற்றிக் கும்பிடும்போது, அந்த நாட்டு ஆலையில் கரண்டு போக வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். வேகமாகத் தைக்கப் போய் ஒருநாள் ஊசி இடது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். அந்த வலிக்கும் மேல்மாடிக்காரிகளைத்தான் திட்டினாள். கடவுள் பொறுமைசாலி. அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் மேல்மாடிக்காரிகளே வந்து சேர்ந்தார்கள். வேகமாகத் தைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க அந்த ஆலையிலிருந்து மூன்று பெண்களை வரவழைத்திருந்தார் மேனேஜர். அவர்களில் ஒருத்தி காலர் தைப்பவள். அவளைக் கொண்டுவந்து காலர் அக்காவின் பக்கத்து மிஷினில் உட்காரவைத்தார்கள்.

பாஷை தெரியாது. காலர் அக்கா முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் அவள் கையைப் பார்த்தாள். நல்ல வேலைக்காரிதான். ஆனால் வேகம்? தன்னுடைய வேகம்தான், ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுநாளும் பார்த்தாள். அப்படியேதான். அவளும் தண்ணீர் குடிக்காமல் உதட்டை நக்கிக்கொண்டே தைத்தாள். துணியைத் திருப்பும்போது அவளுடைய இடது ஆள்காட்டி விரல் கண்ணில் பட்டது. நகத்தின் நடுவில் கறுத்த வடு.

காலர் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுத் தன் விரலை நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள், நாக்கால் உச்சுக்கொட்டினாள். அதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் பலகையைக் காட்டி ஏதோ கேட்டாள். காலர் அக்கா அடியில் இருந்த கொடியையும் தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான், அந்தப் பெண் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வெட்டி எறிந்த துணித் துண்டு ஒன்றை எடுத்து, துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியால் நாலு கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டாள். அடிக் கட்டத்தைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டாள். உச்சிக் கட்டத்தைத் தொட்டாள். பிறகு காலர் அக்காவின் நெஞ்சைத் தொட்டாள்.

முதலில் புரியவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்று, இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, விரலை ஆட்டி ஆட்டிப் பேசுவதுபோல நடித்தாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், காலர் அக்காவைக் காட்டி, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

காஜாப் பெண்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, அங்க நாமதான் மேல்மாடி. நாம டீ குடிக்கிறதில்லன்னு சொல்லி அவங்க டீய நிறுத்தியிருக்காங்க."

காலர் அக்கா சாப்பாட்டை மூடி வைத்தாள். மூன்று வருஷம். எவள் வீட்டில் விளக்கு அணைய வேண்டும் என்று கும்பிட்டாளோ அவளும் அங்கே இவளைச் சபித்துக்கொண்டு ஊசியில் விரலைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரையும் சண்டை மூட்டிவிட்டு இரண்டு பக்கமும் தின்றிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றினாள். பிறகு, கரண்டு போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

மாதம் பிறந்தது. மேனேஜர் வந்திருந்த மூவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், இவர்கள் நாடு எங்கே நாம் எங்கே என்று ஆரம்பித்தார். காலர் அக்கா எழுந்து நேரே பலகைக்குப் போனாள். அடியில் இருந்த தகரக் கொடியை ஆணியிலிருந்து எடுத்தாள். எட்டி உச்சிக் கொடியையும் எடுத்து, அந்தக் காலர்ப் பெண் கையில் கொடுத்தாள். தங்கள் கொடியை உச்சி ஆணியில் மாட்டினாள். அந்தப் பெண் குனிந்து தன் நாட்டுக் கொடியைத் தானே அடி ஆணியில் மாட்டினாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் மேனேஜர்.

"இவங்க ஆலையில பலகை இப்பிடித்தான் சார் இருக்காம். அங்க நாங்க மேல. இங்க அவங்க மேல." அவள் குரல் உயரவில்லை. அதனாலேயே ஹால் முழுக்கக் கேட்டது. "மேல இருந்தவங்களுக்கு எந்த ஊர்ல சார் கூலி ஏறிச்சு?"

மேனேஜர், கணக்கு முறை வேறு, ஒவ்வொரு நாட்டுக்கும் அளவுகோல் வேறு என்று என்னென்னவோ சொன்னார். யாரும் மிஷினில் கால் வைக்கவில்லை. சூப்பர்வைசர் வரிசை வரிசையாக ஓடிப்போய்க் கெஞ்சினான். நூல் வெட்டும் மேசையில் பெரியவள் கத்திரியை மூடி வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள். மறுநாளும் ஹால் அமைதியாகவே கிடந்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் காலர் இல்லாமல் குவிந்தன.

கடைசியில், கேட்ட கூலி உயர்வில் பாதி கிடைத்தது. டீ திரும்பி வந்தது, தண்ணியாக. பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று பெண்களையும் அவசர அவசரமாக ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அந்தக் காலர்ப் பெண் சாக்குக்கட்டியால் கட்டம் போட்ட துணியை மடித்துச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டதைக் காலர் அக்கா பார்த்தாள். ஏறிய அந்தப் பாதியில் சின்னவளின் ஒரு வருஷப் படிப்பு தேறியது. அதற்கடுத்த வருஷம் அந்தரத்தில் தொங்கியது. பாதி கொடுத்துவிட்டார்களே என்று யாராவது சந்தோஷப்பட்டால் காலர் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிச்சையா போட்டார்கள் என்பாள்.

சில மாதம் கழித்து ஒரு முதல் நாள், மேனேஜர் வாடிய முகத்தோடு வந்தார். அந்த நாட்டு ஆலையிலும் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டார்களாம். வேறு வழியில்லாமல் அங்கே கூலியை ஏற்ற வேண்டியதாகிவிட்டதாம். அந்த மாதிரிப் பொறுப்பில்லாமல் நீங்களும் நடந்துகொள்ளக் கூடாது என்று சொல்லவே வந்தேன் என்றார்.

ஹாலில் முதலில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. காலர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மிஷினின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அங்க எவ்வளவு சார் ஏறிச்சு?"

மேனேஜர் வாசல் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க சார். நீங்கதானே எப்பவும் பக்கத்து நாட்டப் பாரு, பக்கத்து நாட்டப் பாருன்னு சொல்லுவீங்க. பாக்கறோம், சொல்லுங்க."

அவள் பின்னால் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைந்துகொண்டே வந்தது.