பாறை என்று எழுதிய இடம்

சேமக்காலையின் கீழ்ச்சரிவில் நின்ற செடிகளைக் கொன்றவன் நான்தான். நுளம்புக்குப் புகை அடிக்க வந்தவர்கள் அல்ல. மூன்று வருடங்களாக எங்கள் பங்கு மக்கள் அவர்களைத்தான் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்... அதையும் சொல்லிவிடுகிறேன்.

செடிதானே, இதற்குப் போய் ஒரு வாக்குமூலமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

நான் ஒரு கிளாக்கர். வேலை கண்டி டவுனில் ஒரு கந்தோரில், வீடு அம்பிட்டியவில். பங்குச் சபையில் சேமக்காலைப் பொறுப்பு என்னுடையது. யாரை எப்போது அடக்கினோம் என்ற புத்தகமும் இரும்புக் கேற்றின் திறப்பும் என் அலுமாரியில் இருக்கின்றன. எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். கோணலாக ஒரு கோடு இழுத்தால்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிற ஆள் நான். என் மனைவி இதை வியாதி என்பாள்.

சேமக்காலை மலைச்சரிவில் இருக்கிறது. மேலே சீமெந்துக் கல்லறைகளும் பளிங்கில் வெட்டிய பெயர்களும். கீழே தேயிலைத் தோட்ட லயத்து ஆட்களின் குழிகள். அவர்கள் மரக் குருசு நடுவார்கள். எங்கள் மழைக்கும் கறையானுக்கும் அது இரண்டு வருடம் தாங்காது. அதனால் செடி நட்டார்கள். ஒரு குடும்பம் சிவப்புக் குரோட்டன், அடுத்த குடும்பம் மஞ்சள் குரோட்டன், அதற்கடுத்தது நாட்டு ரோசா. பக்கத்துக் குழியில் நிற்பதை யாரும் தங்கள் குழியில் நட மாட்டார்கள். அங்கே செடிதான் பெயர்ப்பலகை.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! என் புத்தகத்தில் கீழ்ச்சரிவுக்குப் பெயரும் தேதியும் மட்டுமே உண்டு, எந்தக் குழி எங்கே என்ற அளவு கிடையாது என்பதும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் உங்கள் முன்னால் வந்து நின்றிருக்க மாட்டேன்.

வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தச் சரிவைத் துப்புரவாக்குகிறவள் ஸ்டெல்லா. என்னைவிடப் பத்து வயது இளையவள். கையில் ஒரு கவ்வாத்துக் கத்தி, இடுப்பில் சாக்கு, காலில் அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம். ஆளுயரம் நிற்கும் கினியாப்புல்லுக்குள் அவள் இறங்கினால் புல் மட்டும்தான் விழும். புல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் நிற்கும் செடியைக்கூடக் கத்தி தொடாது. அவள் வெட்டிக்கொண்டே வாய்க்குள் பெயர் சொல்லுவாள்: இது அந்தோணியண்ணன், இது பெரிய மேரி, இது அவங்க மாமியா. எனக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் பத்துப் பெயர் வராது. அவளுக்கு அத்தனையும் காலிலேயே இருந்தன. இந்த ஊரில் நான் மனதார வியந்த ஒரே வேலைக்காரி அவள்தான். அவளை வியந்ததுதான் எனக்கு உறுத்தலாகவும் இருந்தது என்று இப்போது புரிகிறது... அவள் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது என் கண்ணில் குத்தியது.

அந்த வருடம் அவளுடைய மகளுக்குக் கலகெதரவில் பிள்ளைப்பேறு. தொலைபேசியில் சொன்னாள்.

"கிளாக்கரய்யா, மக இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. திருநாளுக்கு மூணு கெழமைக்கு முந்தி வந்துருவேன். அது வரைக்கும் கீழ யாரையும் எறங்க விடாதீங்க."

எனக்கே உத்தரவா! புதிதாக வந்த பாதர் வேறு, மேலே நின்று பார்த்துவிட்டு, "கீழே காடாக இருக்கிறதே" என்று சொல்லியிருந்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடுகண்ணாவையில் என் மச்சான் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அவரிடம் புல்லு மருந்தும் முதுகில் மாட்டி அடிக்கிற டாங்கியும் வாங்கி வந்தேன். கடை ஓரத்து வளவில் அவர் அடித்துக் காட்டியிருந்தார். பத்து நாளில் உண்ணிப் பற்றை முழுக்கச் சருகாகிக் கிடந்ததை நானே பார்த்தேன். வேரோடு போயிருந்தது. வியர்வை இல்லை, கத்தி இல்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று, மறைப்பானேன்.

"மச்சான், அதுக்குப் பச்சைன்னா பச்சைதான்," என்றார் அவர். "எது வேணும் எது வேணாமுன்னு தெரியாது. வேணுங்கிற செடிய மூடிட்டு அடிங்க."

மூடினேன். ஆறு குரோட்டனைச் சாக்குப் போட்டு மூடினேன். அதற்குள் அட்டை முழங்கால் வரை ஏறிவிட்டது. இடுப்பு விட்டுப்போயிற்று. வேலி ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டே டாங்கியை மாட்டினேன். வேலி ஓரம் முடிந்தது. கை நிற்கவில்லை... பள்ளத்திலிருந்து காற்று மேலே வீசியது. தூவல் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே அடித்தேன். இரண்டு மணித்தியாலத்தில் சரிவு முழுக்க முடித்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்து, நன்றாகச் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் சரிவு முழுவதும் மண்ணிறமாக இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கீழே எட்டிப் பார்த்தார்கள். மார்ட்டின் என்கிற ஒரு டிரைவர், தன் தாயின் குழியில் ரோசா நட்டவர், என்னிடம் ஓடி வந்தார்.

"என்ன சேர் நடந்திச்சு? எல்லாம் கருகிக் கெடக்கு."

"மருந்து அடிச்சாங்க."

"என்ன மருந்து?"

அந்த வாரம் அம்பிட்டியவில் டெங்கு என்று வீடு வீடாகப் புகை அடித்திருந்தார்கள். நம் வாயில் எல்லாமே மருந்துதான். இருமலுக்கும் மருந்து, நுளம்புக்கும் மருந்து, புல்லுக்கும் மருந்து. நான் சொன்ன முதல் வார்த்தை பொய்யே இல்லை. மார்ட்டின் கேள்வி கேட்டதால்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நுளம்பு மருந்துதான்," என்றேன்.

இப்படித்தான் அது தொடங்கியது. எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா? தும்மல்கூட அவ்வளவு லேசாக வராது.

ஸ்டெல்லா சொன்ன நாளில் வந்து சேர்ந்தாள். பேத்தி பிறந்த சந்தோசத்தில் தொதல் இனிப்புப் பொதி ஒன்று கொண்டுவந்திருந்தாள். கீழே இறங்கி ஒரு சுற்று நடந்தாள். நான் மூடிவைத்திருந்த ஆறு குரோட்டன்களின் பக்கத்தில் குந்தினாள். அவை மட்டும் பச்சையாக நின்றன. அவற்றின் அடியில் புல்லும் பச்சையாக இருந்தது, சரியாக ஒரு சாக்கின் அகலத்துக்கு.

"நுளம்புக்குப் புகை அடிக்கிறவங்க சாக்குப் போட்டு மூடிட்டா அடிப்பாங்க, கிளாக்கரய்யா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"மூங்கில் கட்டையும் சுண்ணாம்பும் எடுத்துத் தாங்க. மழை வந்தா தண்டெல்லாம் உக்கிரும்."

பிறகு அவள் செய்ததை எழுத என் தமிழுக்குப் பலம் போதாது. ஒவ்வொரு காய்ந்த குச்சியாகக் கையில் எடுத்தாள். ஒடித்தாள். முகர்ந்தாள். குரோட்டனின் தண்டு எது, ரோசாவின் கட்டை எது, வெறும் உண்ணிக்குச்சி எது என்று பிரித்தாள். தண்டும் போன இடத்தில் மண்ணை விரலால் கிளறி வேரைத் தேடினாள். தெரிந்த குழியிலிருந்து தெரியாத குழிக்குக் காலடி வைத்து அளந்தாள். சந்தேகம் வந்தால் மேலே ஏறிப் பழைய வேப்பமரத்தடியில் நின்று, அங்கிருந்து மறுபடி இறங்கி வந்தாள். மழையில் நனைந்தாள். பதினேழு நாள்! முப்பதுக்கும் மேற்பட்ட குழிகளை அவள் செத்துப்போன செடிகளிடமிருந்து திரும்ப வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டை, கட்டையில் சுண்ணாம்பு, அதில் நான் எழுதிய பெயர். அவள் சொல்ல நான் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல எழுத்து அதுதான்.

ஒரே ஒரு குழி மட்டும் கிடைக்கவில்லை.

ரெஜினா என்கிற பெண்ணின் குழந்தை அது. ஒன்பது நாள் மட்டும் இருந்த பிள்ளை. ரெஜினா தையல் வேலை செய்கிறவள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழியில் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளை மழைலில்லிக் கிழங்குகளை நட்டிருந்தாள். பூக்காத காலத்தில் அந்த லில்லியின் இலைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் அதன் மேல் நின்றே அடித்திருப்பேன். தண்டில்லாத செடி, காய்ந்ததும் காற்றோடு போய்விட்டது.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் ரெஜினா மெழுகுதிரியோடு வந்து நின்றாள். பூவைப் பார்த்தே வழி கண்டவள், பூ இல்லாமல் அந்தச் சரிவில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, எம் புள்ள எங்கக்கா?"

ஸ்டெல்லா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கித்துள் மரத்துக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவுலதாம்மா. எங்கயோ இருக்கு. ஆனா இதுதான்னு ஒரு எடத்தக் காட்ட எனக்குத் தெரியல. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்."

பதினேழு நாள் மண்ணைக் கிளறியவள். இன்னும் ஒரு கட்டை அடித்துவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? அவள் அதைச் செய்யவில்லை. அந்த நேர்மையை நான் இன்றைக்கும் வியக்கிறேன். அன்றைக்கோ எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ரெஜினாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையிலிருந்த புத்தகத்தைத் திறந்தேன்.

"இதில அளவு இருக்கு," என்றேன். நாலடி நடந்து போய்ச் செருப்பால் மண்ணைத் தட்டினேன். "இங்கதான்."

அளவும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் பெயரும் தேதியும்தான் இருந்தன. ரெஜினா அந்த இடத்தில் விழுந்து மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். உண்மையாகவே புத்தகத்தில் இருக்கும் என்று ஒரு கணம் நம்பினாள். எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை...

அடுத்த சித்திரை மழைக்கு, ஒரு ஞாயிறு காலை பூசைக்கு முன் நான் கேற்றைத் திறக்கப் போனேன். ரெஜினா அதற்குள் நான் காட்டிய இடத்தில் சின்னதாக ஒரு சீமெந்துக் குருசு கட்டியிருந்தாள். அதிலிருந்து இரண்டு எட்டுக் கீழே மூன்று வெள்ளை லில்லிகள் பூத்திருந்தன. கிழங்கு சாகவில்லை. அது தன் இடத்தில் கிடந்து, தன் நேரத்துக்கு வந்து, என்னைக் காட்டிக்கொடுத்தது!

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது.

நான் குந்தியிருந்து கையால் கிழங்கைத் தோண்டி எடுத்து, குருசின் அடியில் நட்டேன். பழைய இடத்தைக் காலால் மிதித்துச் சமனாக்கினேன்.

பூசை முடிந்து ரெஜினா இறங்கிப் போனாள். சிரித்துக்கொண்டே மேலே ஓடி வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பூத்திருச்சு சேர், எம் புள்ள தானா பூத்திருச்சு" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். என் நகக்கண்ணில் மண் இருந்தது.

ஸ்டெல்லா அன்று பின்னேரமே பழைய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கா தெரியாது, கிளறிய மண்ணும் கிளறாத மண்ணும்?

"பூவ மாத்தலாம் கிளாக்கரய்யா," என்றாள் மெதுவாக. "புள்ளைய மாத்த முடியாது."

"நீ அவகிட்ட சொல்லப் போறியா?"

"நான் சொல்ல மாட்டேன். செஞ்ச வாய்தான் சொல்லணும். நான் சொன்னா அது கோள் சொன்னதா ஆயிரும்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வருடத்துக்கு ஒரு முறை கத்தியோடு வருகிறாள். குருசைச் சுற்றித் துப்புரவாக்குகிறாள். பிறகு இரண்டு எட்டுக் கீழே இறங்கி, ஒன்றுமே இல்லாத ஒரு முழ நிலத்தில், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே புல் பிடுங்குகிறாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ தேடுகிறாள் என்று தோன்றும்.

போன வருடம் கீழ்ச்சரிவில் புதுக் குழிகளுக்கு இடம் பிரித்தார்கள். அந்த முழ நிலமும் வெற்றிடமாகத் தெரிந்தது. யாரும் அங்கே மண்வெட்டி போட்டுவிடக் கூடாதே என்று வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் "பாறை" என்று எழுதினேன். நேர்த்தியான எழுத்தில்தான். அங்கே பாறை கிடையாது, ஈர மண். பாதர் என்னைப் பாராட்டினார்: பாறை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறீர்களே என்று.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "பொய் சொன்னேன், பாதர்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டன.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லா மூன்று வயதுப் பேத்தியையும் கூட்டிவந்திருந்தாள். ரெஜினா குருசடியில் முழங்காலிட்டு, திரியைக் கொளுத்தி, செபமாலையை எடுத்தாள். லில்லி இப்போது அங்கே நன்றாகப் பெருகிவிட்டது. நான் விலகிப் போகப் பார்த்தேன். அவள் கூப்பிட்டாள்.

"நில்லுங்க சேர். வருசா வருசம் இங்க எம் புள்ளைக்கு அடுத்ததா உங்களுக்குத்தான் ஒரு அருள்நிறை மரியே சொல்றேன். நீங்க மட்டும் அன்னைக்குக் காட்டலன்னா..."

நான் நின்றேன். இரண்டு எட்டுக் கீழே ஸ்டெல்லா குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை ஒரு கணம் நின்றது. நான் பேசுவேனோ என்று காத்திருந்தது.

பிறகு மறுபடி பிடுங்கத் தொடங்கியது.